மார்கழி முகாமுக்கு முன் ஆறு கிழமை: இளையோர் நிதிக்குழு ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தில் டிசம்பர் விடுமுறையில் இளையோர் நிதிக்குழு முகாம் நடத்தும் அமைப்புகளுக்கும், அதற்குக் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் காசு அனுப்பும் சங்கங்களுக்கும்,

அன்புடையீர்,

தோட்டங்களில் சின்னச் சின்ன வேலைகளுக்குப் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களில் எவற்றுக்குக் கொடுப்பது என்று பதின்ம வயதுப் பிள்ளைகளே தீர்மானிப்பதுதான் இளையோர் நிதிக்குழு. மூன்று நாள் முகாம் என்று அழைப்பிதழில் இருக்கும். முதல் நாள் வந்து சேர்வதிலும் அறிமுக விளையாட்டிலும் போய்விடும். இரண்டாம் நாள் மலையேற்றம், இரவில் தீ மூட்டிப் பாட்டு. மூன்றாம் நாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை 'விண்ணப்பத் தெரிவு'. 14 விண்ணப்பம் என்றால் ஒன்றுக்கு எட்டரை நிமிடம். அந்த எட்டரை நிமிடத்தில் ஒரு பிள்ளையால் முடிந்தது, பெரியவர்கள் ஏற்கெனவே பென்சிலால் புள்ளடி போட்டு வைத்த பட்டியலுக்குத் தலையாட்டுவதுதான். பதினொன்றரைக்கு அட்டையில் வெட்டிய பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு படம்.

பதின்ம வயதினர் கையில் நிதியைக் கொடுத்துப் பங்கிடச் சொல்லும் முறை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1980களின் இறுதியில் கெலோக் அறக்கட்டளையின் உதவியோடு பரவியது. அங்கே அது பிடித்து நின்றதற்குக் காரணம், பிள்ளைகள் ஆண்டு முழுக்கக் குழுவாக இருந்தார்கள். பணம் அவர்கள் சொன்ன இடத்துக்குப் போனது. நாம் எடுத்துக்கொண்டது முகாமை மட்டும். தீர்ப்பு உண்மையிலேயே பிள்ளைகளுடையதாக வேண்டுமானால் வேலை முகாமுக்கு ஆறு கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும். இந்த மடல் அந்த ஆறு கிழமையைப் பற்றியது.

முதலில் ஆள். தரம் 11 பிள்ளைகளைத் தொடாதீர்கள். சாதாரண தரப் பரீட்சை 2025இல் மார்ச்சிலும் 2026இல் பெப்ரவரியிலும் நடந்தது. டிசம்பரில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. உயர்தரப் பரீட்சை எழுதும் ஆண்டில் இருப்பவர்களும் அப்படியே. தரம் 10, தரம் 12இன் தொடக்கம், பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்ட பதினேழு வயதினர், இந்தக் கலவைதான் சரி. கடைசி வகையினரை யாரும் கூப்பிடுவதில்லை. ஹாட்வெயார் கடையில் நிற்கும் பையனுக்குச் சீமெந்து விலை நாவில் இருக்கும். அவன் குழுவில் இருந்தால் பாதிக் கொட்டேஷன் பொய் அங்கேயே உதிர்ந்துவிடும். மொத்தம் 24 பேர், நான்கு பேர் கொண்ட ஆறு குழுக்கள், இதற்கு மேல் வேண்டாம்.

திகதியைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையைப் பார்த்த பிறகே குறியுங்கள். தவணைகள் இப்போது ஆண்டுக்கு ஆண்டு நகர்கின்றன. டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலை பஜனைக்குத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் தோறும் போக இதே பிள்ளைகள்தான் வேண்டும். கோயில் கமிட்டியைக் கேட்காமல் மூன்று நாளுக்குத் தூக்கிக்கொண்டு போனால் அடுத்த ஆண்டு தாய்தகப்பன் அனுப்பமாட்டார்கள். டிசம்பர் போயா எனும் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும் தொடங்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பஸ்ஸிலும் தங்குமிடத்திலும் இடம் பிடிப்பது அந்தக் கிழமையில் பெரும்பாடு.

இடம் என்றதும் எல்லோரும் நுவரெலியா என்கிறார்கள். படம் அழகாக வரும் என்பது உண்மைதான். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது; டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை சில இரவுகளில் உறைபனி கொட்டித் தேயிலைக் கொழுந்தே கருகும். 600 மீட்டர் கீழே இறங்கினால் சுமார் நான்கு பாகை சூடு கூடும். ஹட்டன் உயரத்தில் ஒரு மண்டபம் போதும். பண்டாரவளையும் ஏறத்தாழ அதே உயரம்தான், ஆனால் ஊவாப் பக்கச் சரிவுகளுக்கு வடகீழ்ப் பருவமழை நேரே வந்து விழுவது டிசம்பர், ஜனவரியில்தான். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலை நாடெங்கும் சரிவுகள் இடிந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழைக்கு மஞ்சள், 100க்கு செம்மஞ்சள், 150க்கு சிவப்பு என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவு. உங்கள் விதி அதைவிட இறுக்கமாக இருக்கட்டும்: போகும் பாதையில் எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்காவது மஞ்சள் வந்துவிட்டால் பஸ் புறப்படாது.

குளிரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரவில் பிள்ளைகள் நடுங்குகிறார்கள் என்று கரிச்சட்டியைப் படுக்கும் மண்டபத்துக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்துவது உயிரை எடுக்கும். கரி தணலாக எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தீ வெளியில் மட்டும். உள்ளே செய்ய வேண்டியது வேறு: சீமெந்துத் தரையில் முதலில் விரித்த அட்டைப்பெட்டி, அதன் மேல் பாய், அதன் மேல் மெத்தை. குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் ஏறுகிறது. ஆளுக்கு இரண்டு கம்பளி, இரவு ஒன்பதரைக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணி, ஈரமான காலுறையோடு யாரையும் படுக்க விடாமல் ஒரு பார்வை. பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். 1929 (சிறுவர் உதவி), 1990 (சுவசெரிய), 117 (அனர்த்த முகாமைத்துவம்) மூன்றையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இனி விண்ணப்பம். படிவம் ஒரே தாள், தமிழிலும் சிங்களத்திலும். எழுத முடியாதவர்கள் கைப்பேசியில் மூன்று நிமிடக் குரல்பதிவாக அனுப்பலாம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கும் டிவிசனுக்கே (தோட்டப் பிரிவுக்கே) எல்லாப் பணமும் போகும். நிதி 5 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு வேலைக்கு உச்சம் 75,000; ஆறு வேலைக்கு 4,50,000; மிச்சம் 50,000 இடைநடுவில் விலை ஏறினால் கொடுக்கும் கையிருப்பு. முகாமுக்கு என்ன செலவு என்பதையும் அதே பலகையில் பக்கத்திலேயே எழுதுங்கள். சாப்பாடு, வான், பெனருக்கு ஆறு இலட்சம் செலவழித்துவிட்டு ஐந்து இலட்சம் பங்கிடுவதைப் பிள்ளைகளே பார்த்துக் கேள்வி கேட்கட்டும்.

ஆறு கிழமையில் நான்கு கிழமை நேரில் போய்ப் பார்ப்பதற்கு. மூன்று பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், ஓர் இடத்துக்கு ஒன்றரை மணித்தியாலம். பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் தோட்டத்தில் கிடைப்பவர்கள் தொழிற்சங்கத் தலைவரும் பென்சன்காரர்களும்தான். அவர்கள் சொல்வதைத்தான் கேட்டு வருவீர்கள். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்கு வரும் நாலரைக்குப் பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்றால் வேறு கதை வரும். விண்ணப்பம் ஒரு தொழிற்சங்கத் தலைவர் வழியாக வந்திருந்தால் மற்றச் சங்கத்துக் குடும்பங்களின் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதாமல் முடியாது.

நேரில் பார்ப்பது என்றால் என்ன என்பதற்குத் தண்ணீர் விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பாதி விண்ணப்பம் தண்ணீருக்குத்தான் வரும். 'ஊற்றிலிருந்து 18 காம்பராவுக்கு 240 மீட்டர் குழாய்.' காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்தின் வீடு. பி.வி.சி. குழாய் 4 மீட்டர் நீளம், ஆகவே 60 குழாய். கொட்டேஷனில் 60 இருக்கிறது, சரி என்று பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி, ஊற்றுக்கும் கடைசிக் காம்பராவுக்கும் எவ்வளவு இறக்கம் என்பது. மேசன் பாஸ் மட்டம் பார்க்கும் தெளிவான டியூப்பில் தண்ணீர் நிரப்பி, படிப்படியாக இறங்கி அளந்தால் வந்துவிடும். கைப்பேசி காட்டும் உயரத்தை நம்பவேண்டாம். இறக்கம் 70 மீட்டர், கொட்டேஷனில் இருப்பது டைப் 600 குழாய் என்று வையுங்கள்; அது தாங்குவது ஏறத்தாழ 60 மீட்டர் நீர் உயரத்தின் அழுத்தத்தைத்தான். பகலில் யாராவது ஒரு பைப்பைத் திறந்திருப்பார்கள், தெரியாது. இரவில் எல்லாப் பைப்பும் மூடியிருக்கும்போது முழு அழுத்தமும் கீழ் மூட்டுகளில் ஏறும்; விடிந்தால் கோடிப்புறம் சேறு. இதற்கு விலை கூடிய குழாய் வாங்கவேண்டியதில்லை. பாதி வழியில் 250 லீட்டர் தாங்கி ஒன்று, மிதவை வால்வோடு வைத்தால் 70 மீட்டர் இரண்டு 35ஆக உடைந்துவிடும். அந்தத் தாங்கியும், கழுவிவிடக் கீழே ஒரு வால்வும், குழாயைப் புதைக்க ஓரடி ஆழக் கானும் கொட்டேஷனில் இருக்கிறதா? வெயிலில் கிடக்கும் பி.வி.சி. வெளிறி நொறுங்கும், முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறுபவரின் கருவியும் படும்.

ஊற்றையும் அளக்க வேண்டும். 10 லீட்டர் வாளி, கடிகாரம், போதும். 40 வினாடியில் நிரம்பினால் மணித்தியாலத்துக்கு 900 லீட்டர். ஆனால் அது டிசம்பர்க் கணக்கு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மார்ச்சில் அதே ஊற்றில் எவ்வளவு வரும் என்று வயதான பெண்களைக் கேளுங்கள். எந்த மாதம் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே நடக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கையோடு கடிதம் ஒன்றும் வேண்டும். 1992இலிருந்து பெரும்பாலான தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைத்துவத்தில் இருக்கின்றன. ஊற்றும் கான் வெட்டும் நிலமும் லயத்தவருடையவை அல்ல. தோட்டத் துரையின் (முகாமையாளரின்) எழுத்துச் சம்மதம் இல்லாமல் மண்வெட்டி இறங்கினால் முதல் நாளே வெளிக்கள உத்தியோகத்தர் வந்து நிறுத்துவார். தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று பிரதேச சபைகள் கைவிரித்த காலமும் போய்விட்டது, 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. சபை போட வேண்டிய பாதைக்குப் பிள்ளைகளின் 75,000 ரூபாயைக் கொட்டாதீர்கள். அந்த விண்ணப்பத்தைச் சபைக்கு அனுப்பிவிடுங்கள். மண்சரிவுக்குக் கல் மதில் கேட்டு வந்தாலும் இந்த நிதியில் தொடக்கூடாது. தண்ணீர் வடியத் துளை வைக்காத மதில் பின்னால் சேரும் நீரின் பாரத்தில் சாயும், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் பொறியியலாளர்.

முகாமில் புள்ளியிடுவதற்குக் கேள்வி நான்குக்கு மேல் வைக்காதீர்கள். யாருக்கு, எத்தனை பேருக்கு உதவும்? இந்தப் பணத்தில் வேலை முடியுமா? பிறகு யார் பராமரிப்பார்? வேறு யாராவது இதைச் செய்யக் கடமைப்பட்டவர்களா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. முதலில் இருபது நிமிடம் யாரோடும் பேசாமல் தனித்தனியே எழுத வேண்டும், பேச்சு அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கு மாறினால் உயர்தரம் படிக்கும் அண்ணாவோ ஆங்கிலம் பேசும் பிள்ளையோ முதலில் வாயைத் திறப்பார், மற்ற மூவரின் பேனா அந்தப் பக்கம் சாயும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இரண்டு குழு வாசிக்கட்டும். சராசரியை மட்டும் பார்த்தால் எல்லாரும் 3 போட்ட சப்பென்ற விண்ணப்பம் வென்றுவிடும். இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்த இடத்தில்தான் பேச வேண்டியது இருக்கிறது. அங்கே நேரில் பார்த்து எழுதிய குறிப்பைத் திரும்ப எடுங்கள். இதற்கு முழு இரண்டாம் நாள் வேண்டும். மலையேற்றம் முதல் நாள் மாலையில் ஒரு மணித்தியால நடையாகச் சுருங்கட்டும். அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் பையில்.

சொந்த டிவிசனின் விண்ணப்பம் மேசைக்கு வரும்போது அந்தப் பிள்ளை எழுந்து வெளியே போய்விட வேண்டும். மாமா, சித்தப்பா சங்கப் பொறுப்பில் இருந்தாலும் அப்படியே. 'நான் பேசமாட்டேன், சும்மா இருக்கிறேன்' என்பது போதாது. நண்பன் முகத்துக்கு நேரே இரண்டு புள்ளி போட யாராலும் முடியாது. வெளியே போகிறவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள், தண்டனை மாதிரி இருக்கக்கூடாது.

பதினெட்டு நிரம்பாதவர் நிதியின் வங்கிக் கணக்கில் கையெழுத்திட முடியாது என்பதால் கடைசி ஒப்பம் பெரியவர்களுடையதுதான். அங்கேதான் தீர்ப்பு நழுவும். ஆகவே முகாமுக்கு முன்பே எழுதி வையுங்கள்: சட்டம், பாதுகாப்பு, கணக்கு மோசடி ஆகிய மூன்று காரணத்துக்கு மட்டுமே பெரியவர் குழு ஒரு தெரிவை நிறுத்தலாம், காரணத்தை எழுத்தில் தர வேண்டும், பதிலுக்கு எதைத் தெரிவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள். இதற்கு உடன்படாத நிதியாளர் இருந்தால் முகாமை ஆலோசனைக் கூட்டம் என்று பெயர் மாற்றி நடத்துங்கள், தவறில்லை.

பணம் மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் போன்ற பதிவுள்ள சங்கத்தின் இருவர் கையெழுத்துக் கணக்குக்கே. முற்பணம் 60 வீதம், பற்றுச்சீட்டும் பாதி வேலையும் கண்ட பிறகு 30, முடிந்து ஒரு மாதம் ஓடிய பிறகு 10. லொறி போகாத லயத்துக்குச் சீமெந்து, மணல் ஏற்றும் தலைச்சுமைக் கூலி கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். முடிக்கும் திகதியை எல்லாருக்கும் ஒன்றாகப் போடாதீர்கள். மேற்குச் சரிவில் மே கடைசியில் தென்மேல் மழை பிடிப்பதற்குள் முடிய வேண்டும். கொழுந்து மலியும் மாதங்களில் சிரமதானத்துக்கு ஆளும் கிடையாது, ஆகவே பெப்ரவரியிலேயே தொடங்குவது நல்லது. ஊவாப் பக்கம் ஜனவரியில் சீமெந்து வாங்கி வைத்தால் ஈரத்தில் மூட்டை கல்லாகும். அங்கே ஜூனிலிருந்து செப்டெம்பர்வரை வேலைக் காலம்.

கிடைக்காத எட்டுப் பேருக்கும் ஏழு நாளுக்குள் கடிதம் போக வேண்டும், பிள்ளைகள் கையாலேயே எழுதி. 'வருந்துகிறோம்' என்று முடிக்காமல், எந்தக் கேள்வியில் புள்ளி குறைந்தது, என்ன சேர்த்தால் அடுத்த முறை பார்க்கலாம், பிரதேச சபையா தோட்ட நிர்வாகமா எங்கே கேட்க வேண்டும் என்பதை நாலு வரியில் சொல்லட்டும். முகாமின் மூன்றாம் நாள் காலையை இதற்கு ஒதுக்குங்கள். தபால் உறையும் முத்திரையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்; வீட்டுக்குப் போன பிறகு யாரும் எழுதமாட்டார்கள்.

இப்படிக்கு,
இளையோர் நிதிக்குழுக்களோடு வேலை செய்யும் பயிற்றுநர்கள் சிலர்
ஹட்டன், பண்டாரவளை