ஏற்காட்டிலிருந்து நியூஜெர்சிக்கு

அன்புள்ள கண்ணு,

போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெண்கள் ஓட்டுப் போடக்கூடாது என்று அமெரிக்காவின் முதல் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது என்றாய். அப்படி ஒரு வரி அதில் கிடையாது. 1787இல் எழுதியவர்கள், யாருக்கு ஓட்டு என்பதை அந்தந்த மாநிலத்திடம் விட்டுவிட்டார்கள். பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

நீ குடியிருக்கும் நியூஜெர்சியையே எடுத்துக்கொள். 1776இல் அந்த மாநிலம் எழுதிய சட்டப்படி, 50 பவுண்டு சொத்துள்ள எவருக்கும் ஓட்டு உண்டு. கல்யாணமானால் பெண்ணின் சொத்து புருஷன் கைக்குப் போய்விடும். அதனால் விதவைகளும் மணமாகாதவர்களும்தான் போட முடிந்தது. ஆனாலும் போட்டார்கள்! 1807இல் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் போட்டு அதைப் பிடுங்கிக்கொண்டது. தடுப்பதற்கு நாட்டின் அரசியல் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதை எழுத 1920 வரை, 19ஆவது திருத்தம் வரை ஆயிற்று.

இங்கே இந்தியாவிலும் பெண்களுக்கு ஓட்டு சும்மா வரவில்லை. அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த குமாரமங்கலம் ஜமீன் வீட்டு ராதாபாய் சுப்பராயன், இந்தியாவுக்கு எப்படிப்பட்ட ஆட்சி என்று பேச 1930இல் லண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டே பெண்களில் ஒருவர். அப்புறம் வந்த 1935 இந்திய ஆட்சிச் சட்டத்திலும் படித்தவர்கள், சொத்துக்காரர்களின் மனைவிமார் என்று கொஞ்சம் பேருக்குத்தான் ஓட்டு. மலையில் காப்பி பறித்தவளுக்கு ஏது? 1950இல்தான் நம் அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவு வயது வந்த எல்லோருக்கும் என்று எழுதி வைத்தது.

எழுதியும் என்ன ஆனது தெரியுமா? முதல் பொதுத்தேர்தலுக்குப் பெயர் கேட்டு வந்தபோது, வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே சொன்னார்கள். சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் இருப்பது இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தானே? அதில் நம் ஏற்காட்டு விலாசம் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான படிவம் 6ஏ இணையத்திலேயே கிடைக்கும். இந்த வாரமே நிரப்பி அனுப்பிவிடு. ஓட்டுப் போட நேரில்தான் வரவேண்டும். அடுத்த தேர்தல் தேதி அறிவித்ததும் சொல்கிறேன், லீவு கேட்டு வை. வரும்போது பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள், சாவடியில் அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
அம்மா