அழகர்மலை அடிவாரச் சாரணர் முகாமில் துணை நின்றவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டார்கள். கை பிசகியவனுக்கும் வீக்கம் வடிந்துவிட்டது. அந்த ராத்திரி காற்றும் மழையும் படுத்திய பாடு பெற்றோருக்கும் சக சாரண ஆசிரியர்களுக்கும் தெரிந்ததுதான். அதை மறுபடி எழுத எனக்கு மனசு வரவில்லை. நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி சமையற்கட்டு அக்காவுக்கு. காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் மேலூர்ப் பக்கமிருந்து கூலிக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். கூடாரங்கள் சாய்ந்து, பிள்ளைகளை மண்டபத்துக்கு மாற்றி, தலையெண்ணி முடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பிள்ளைகள் கழுத்திலிருந்து அவிழ்த்துப் போட்ட சீருடை ஸ்கார்ஃப்கள் ஒரு மூலையில் சேறும் தண்ணீருமாகக் கிடந்தன. அதைப் பார்க்கிற நிலையில் நாங்கள் யாரும் இல்லை.

விடிகிற நேரம் பிள்ளைகளுக்கு வெந்நீர் கேட்டு அடுப்படிக்குப் போனேன். முடிச்சு கற்றுத்தரக் கொண்டுவந்த கயிறுகளைத் தகரக் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அத்தனை ஸ்கார்ஃபையும் அலசிக் காயப்போட்டிருந்தார். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிறம் என்பதைப் பரிமாறும்போதே கவனித்திருக்கிறார். நிறம் பார்த்துப் பிரித்து, பித்தளைச் சொம்பில் தணலை அள்ளிப்போட்டுத் தேய்த்து, முக்கோணமாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கொஞ்ச நேரம் படுத்திருக்கக் கூடாதாக்கா?” என்றேன்.

“காலையில கொடி ஏத்தணும்ல சார்? பிள்ளைக வெறுங்கழுத்தோட நின்னா நல்லாவா இருக்கும்?”

அன்று கொடி ஏறும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. விடிந்ததும் முகாமைக் கலைத்துவிடலாம் என்றுதான் பேசியிருந்தோம். ஸ்கார்ஃப் கைக்கு வந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே அணி அணியாக நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். இரவெல்லாம் “அம்மாட்ட போகணும்” என்பதைத் தவிர வேறு பேசாத ஆறாம் வகுப்புப் பையன், ஸ்கார்ஃபைக் கழுத்தில் பிடித்து நிறுத்தும் வளையமான தன் வாகிலை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்து, “மாட்டிவிடுங்க சார்” என்று கழுத்தை நீட்டினான். கை பிசகியவனுக்கு அந்த ஸ்கார்ஃப் ஒன்றில்தான் தூக்குக்கட்டு போட்டோம். அவனும் வரிசையில் நின்றான்.

அப்புறம், இருட்டில் சின்னப் பிள்ளைகளை முதுகில் சுமந்து வந்த ரோவர் (மூத்த சாரணர்) தம்பிகள், கேட்டவுடன் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஊர்ப் பெரியவர்கள், குட்டியானை வண்டியில் நாலைந்து நடை அடித்துவிட்டு டீசல் காசுகூட வாங்காமல் போன அண்ணன், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர், மழை விடுமுன்பே கம்பத்தில் ஏறிய மின்வாரிய ஊழியர்கள், சாரணியர் பிள்ளைகள் தூங்கும்வரை கண்மூடாத ஆசிரியைகள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

1907இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 20 சிறுவர்களோடு நடத்திய முதல் முகாமைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அங்கே இருந்த நான்கு அணிகளின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தங்கள் முகாமில் சோறு வடித்தவர், ராத்திரி காவல் இருந்தவர், தண்ணீர்த் தொட்டியை நிரப்பியவர் பெயர் கேட்டால் தெரியாது. இது எனக்கு உறுத்துகிறது. பிறருக்கு உதவுவோம் என்று உறுதிமொழி எடுப்பது நாம். அதை எடுக்காமலே செய்கிறவர்கள் அடுப்படியில் இருக்கிறார்கள்.

இனி நான் நடத்தும் எந்த முகாமிலும் முதல் நாளே அவர்களைக் கொடிக்கம்பத்தருகே அழைத்துப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வேன். கடைசி நாள் பாசறைத் தீயில் முன்வரிசை அவர்களுக்கு. சாரணர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் இடதுகைக் குலுக்கலை ஒவ்வொரு பிள்ளையும் அவர்களுக்குக் கொடுக்கும்.

அக்காவிடம் போன் கிடையாது. மேலூர்ப் பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருகிறோம். சமையல் எங்களுடையது என்றும் சொல்லிவிடுங்கள்.