மூன்று நாள் மூடிக்கிடந்த கணக்கு

திருவல்லிக்கேணி,
சென்னை.

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்; பூரித்துப்போனாள். இங்கே எல்லோரும் நலம். அக்கா மட்டும் சோர்ந்திருக்கிறாள்.

மாமா தவறிய பிறகு அவள் வீட்டில் சமைத்து மதியச் சாப்பாடு கொடுத்து வருகிறாள் அல்லவா? ஆர்டர்கள் எல்லாம் கைப்பேசியில் ஒரு செயலி வழியாகத்தான் வரும். போன மாதம் ஒருநாள் காலையில் அவள் கணக்கை முடக்கிவிட்டார்கள். விதியை மீறியதாகச் செய்தி. எந்த விதி என்று இல்லை. முறையிட்டால் இயந்திரம் எழுதிய ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. முதல் நாள் வடித்த சோற்றைக் கோயில் வாசலில் கொடுத்துவிட்டு வந்து அழுதாள். நான்காம் நாள் கணக்கு தானாகத் திறந்துகொண்டது. ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போனால் அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம், சண்டை போடலாம், மேலே மனு கொடுக்கலாம். இவளுக்குப் போய் நிற்க ஒரு வாசற்படிகூட இல்லை, சரவணா. அதுதான் என்னை அறுக்கிறது.

வேறு செயலிக்கு மாறச் சொல்கிறார்கள். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் அங்கேயே இருக்கும்போது இவள் மட்டும் மாறி யாருக்குச் சமைப்பாள்? கைப்பேசியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பாதி முடிவுகளை யாரோ எடுத்து வைத்துவிடுகிறார்கள். தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கூகுள் 2021-இல் மட்டும் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். அமெரிக்க வழக்கில் வெளிவந்த தொகை இது. முதலில் இருப்பதை மக்கள் மாற்றுவதில்லை என்று தெரிந்துதான் அவ்வளவு பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். அந்த வழக்கில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். நம் இந்தியப் போட்டி ஆணையமும் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022-இல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனாலும் அபராதம் அரசுக்குப் போகும். அக்காவைப் போன்றவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு மனிதரை உட்கார வைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

நீ இங்கே மேன்சனில் இருந்தபோது, 2015-இல், இரவு உட்கார்ந்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் எழுதினோமே, நினைவிருக்கிறதா? சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்கும் ஃபேஸ்புக்கின் திட்டம் அப்போது பெரிய பேச்சாக இருந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் தளத்துக்குத் தளம் வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று டிராய் உத்தரவிட்டதும் நீ ரத்னா கபேயில் இட்லி சாம்பார் வாங்கிக் கொடுத்தாய். லட்சக்கணக்கானவர்கள் எழுதியதில் நம் இரண்டு மடல்களும் இருந்தன. அந்த உறுதி இப்போது நம்மிடம் எங்கே போயிற்று என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

வாடிக்கையாளர்களின் எண்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். உன் தம்பியின் விதைக் கடைக்கும் சொந்தமாக ஓர் இணைய முகவரி வாங்கிவிடச் சொல். எல்லாவற்றையும் ஒரே செயலியில் வைத்திருக்க வேண்டாம். தை மாதம் வருவதாக எழுதியிருந்தாயே, டிக்கெட் எடுத்ததும் தெரிவி. எழும்பூருக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
முரளி