மகளிர் தினத்துக்கு ஒரு பழைய சைக்கிள் வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மார்ச் 8 இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதால், நம் பள்ளியில் மகளிர் தினத்தை 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு வைத்திருக்கிறோம். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நேரம். அந்தப் பிள்ளைகள் சும்மா வந்து பார்த்தால் போதும்.

போன ஆண்டு விழாவில் எனக்கே மனக்குறை உண்டு. மேடையில் ஆறு நாற்காலி போட்டோம். ஐந்தில் ஆண்கள் உட்கார்ந்தோம். கோலம் போட்டது, டீ கொடுத்தது, டம்ளர் கழுவியது எல்லாம் பெண் பிள்ளைகள். மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், விழா எங்களுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள். பதில் தெரியாமல் "போய் மணி அடிம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

சரி, இந்த ஆண்டு மேடையே கிடையாது. மைதானத்தில், வேப்பமரத்தடியில் உட்காருவோம்.

1990களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களைச் சைக்கிளும் பழகச் சொன்னார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்நின்று ஊக்கம் கொடுத்தார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கலாமே என்ற கணக்கும் அதில் உண்டு!

போன வாரம் பேத்தியை அழைத்துப்போக வந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக்கொடுத்தேன். பகலில் பழகினால் டீக்கடை வாசலில் சிரிப்பார்கள் என்று, நிலா வெளிச்சத்தில் களத்துமேட்டில் பழகினாராம், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. முழங்கால் தழும்பைக் காட்டியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இந்தக் கதைகள் பாடப்புத்தகத்தில் இல்லை, உங்கள் வீட்டில் இருக்கின்றன. அப்போது சைக்கிள் பழகிய அம்மா, அத்தை, அப்பத்தா, அம்மாச்சி யாராக இருந்தாலும் அழைத்து வாருங்கள். யார் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள், எங்கே விழுந்தார்கள், வீட்டில் என்ன ஏச்சு கிடைத்தது என்று பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். விருப்பமுள்ளவர்கள் மைதானத்தை ஒரு சுற்று ஓட்டியும் காட்டலாம். அதற்குத்தான் பார் வைத்த பழைய சைக்கிள் ஒன்று தேவை.

அப்புறம், ஏழாம் வகுப்புப் பையன்கள் முத்துலட்சுமி ரெட்டி பற்றி ஒரு சிறு நாடகம் போடுகிறார்கள். 1886இல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் படிப்பை முடித்தவர். அவர் வேடத்துக்குப் பையன்களுக்குள் போட்டி. சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்தோம்.

மைதானம் கூட்டுவதும் டம்ளர் கழுவுவதும் இம்முறை பையன்கள் பொறுப்பு. டீ போட அப்பாக்கள் நான்கு பேர் வேண்டும். சீனி அளவு தெரியாதென்று தயங்க வேண்டாம், பக்கத்தில் நான் நிற்பேன்.

பாட்டிகளின் பெயரையும் டீ போட வருகிறவர்களின் பெயரையும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சைக்கிளுக்குக் காற்று நாங்களே அடித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்