எங்கே அறுபட வேண்டும்

பாப்பா,

உன் கடிதம் வந்தது. படகில் இடம் கிடைத்துவிட்டது, நூறு மீட்டர் ஆழத்துக்குப் போகிறோம், அடிமீன் பிடிக்க என்ன கட்டிக்கொண்டு போவது என்று கேட்டிருக்கிறாய். போனில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பேன், நீயும் பாதியை மறந்திருப்பாய். எழுதிவிட்டால் முடிச்சு போடும்போது பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வலது உள்ளங்கையில் குறுக்கே ஓடுகிறதே ஒரு தழும்பு, சின்ன வயதில் அதை விரலால் தடவித் தடவிக் கேட்பாய். கத்தி பட்டுவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். அது பின்னல் நூல் செய்த வேலை. தூண்டிலை அடிக்கு இறக்கக் கட்டும் ஈயம் பாறை இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. படகு நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், நகர்ந்துகொண்டே இருந்தது. நான் அவசரத்தில் நூலைக் கையில் இரண்டு சுற்று சுற்றி இழுத்தேன். நைலான் நரம்பாக இருந்தால் கொஞ்சமாவது நீண்டு கொடுத்திருக்கும். பின்னல் நூல் நீளாது. படகின் இழுப்பு முழுவதும் அந்த இரண்டு சுற்றில் வந்து நின்றது. கூட இருந்தவர் கத்தியை எடுத்து நூலை அறுத்துவிட்டார். ஆக, கத்திக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. நான் சொன்னது முழுப் பொய் இல்லை.

நூலின் நுனியில் முள், ஈயம், நரம்பு எல்லாம் சேர்த்துக் கட்டுவதுதான் ரிக். அன்றைக்கு நான் கட்டியிருந்த ரிக்கில் எல்லாமே பலமாக இருந்தது. ஈயத்தைக்கூட ரிக்கின் நடு நரம்பான முதுகெலும்பு நரம்பிலேயே நேராகக் கட்டியிருந்தேன். ஒரு முடிச்சும் நழுவவில்லை, ஒரு நரம்பும் அறவில்லை. பெருமையாக நினைத்துக் கட்டிய அந்த ரிக்தான் என் கையைப் பதம் பார்த்தது. அதற்குப் பிறகு எதைக் கட்ட உட்கார்ந்தாலும் முதலில் யோசிப்பது, இது எங்கே அறுபட வேண்டும் என்பதைத்தான்.

அதனால் கீழேயிருந்து தொடங்குகிறேன். அடிப்பாறையில் மாட்டுவது பெரும்பாலும் ஈயம்தான். ஈயத்தைக் கட்டும் துண்டு நரம்பு, ரிக்கிலேயே மிக மெலிந்ததாக இருக்கட்டும். முதுகெலும்பு அறாமல் தாங்கும் பலம் 80 பவுண்டு என்றால் ஈயத்துக்கு 25 அல்லது 30 பவுண்டு, ஒரு சாண் நீளம். மாட்டிக்கொண்டால் அந்தத் துண்டு அறும், ஈயம் மட்டும் போகும், முள்ளும் சில சமயம் முள்ளில் மீனும் மேலே வரும். இங்கே தூண்டிலை வீசி எறியப் போவதில்லை, நேராக இறக்கத்தான் போகிறாய். அதனால் மெலிந்த நரம்பு வீச்சில் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

அதற்கு மேல் முள் கட்டும் கிளை நரம்புகள், 50 அல்லது 60 பவுண்டு. பிறகு முதுகெலும்பு, 80 பவுண்டு நைலான். ரீலில் இருக்கும் பின்னல் நூல் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். கீழே மெலிவு, மேலே போகப் போகப் பலம். இதைத் தலைகீழாகச் செய்தால், ஒரு முள் மாட்டினாலும் நூலோடு சேர்த்து மொத்தத்தையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வருவாய்.

ரீலில் ஏன் பின்னல் நூல் என்று கேட்டிருந்தாய். இரண்டு காரணம். நூறு மீட்டர் நைலானை வெளியே விட்டால் அது ரப்பர் மாதிரி. கீழே மீன் கொத்துவது மேலே வருவதற்குள் நீட்சியிலேயே கரைந்துபோகும். பின்னல் நூலில் சின்னத் தட்டுகூட விரலுக்கு வரும். இன்னொன்று தடிமன். 80 பவுண்டு நைலான் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதே பலத்துக்குப் பின்னல் நூல் ஏறக்குறைய அதில் பாதிதான். மெலிந்த நூலை நீரோட்டம் குறைவாகத் தள்ளும், குறைந்த ஈயத்திலேயே அடியைத் தொட்டுவிடலாம். ஆனால் பின்னல் நூல் பாறையில் உரசினால் உடனே போய்விடும். அடியில் உரசுகிற பகுதி நைலானாக இருப்பது அதற்காகத்தான். நைலானுக்குப் பதிலாக ஃப்ளூரோகார்பன் நரம்பு வாங்கலாமா என்றால், உரசலைத் தாங்கும், நல்ல பொருள்தான். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி விற்பார்கள். அவ்வளவு ஆழத்தில் வெளிச்சமே சொற்பம், அந்த ஒன்றுக்காகக் காசைக் கொட்டாதே.

பின்னல் நூலின் நுனியில் ஒரு நைலான் துண்டைச் சேர்க்க எஃப்ஜி முடிச்சுதான் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆடுகிற படகில் முதல் நாளே அதைப் போட உட்கார்ந்தால் வாந்திதான் வரும். வீட்டில் போட்டு எடுத்துப் போ. கடலில் அறுந்துவிட்டால் இரட்டை யூனி முடிச்சு போதும், பின்னல் நூல் பக்கம் மட்டும் சுற்றுகளைக் கூட்டிக்கொள். அந்த நைலான் துண்டின் நுனியில் ஒரு ஸ்விவல், அதாவது சுழலும் வளையம், அதில் ரிக். இரை சுழன்றாலும் முறுக்கு நூலுக்கு ஏறாது.

சரி, ரிக்குக்கு வருவோம். இரண்டு முள், அடியில் ஈயம், அவ்வளவுதான். மூன்று, நான்கு முள் கட்டுபவர்களைப் பார்ப்பாய். ஒவ்வொரு முள்ளும் கூடுதலாகச் சில முடிச்சு, சிக்குவதற்கு இன்னொரு வாய்ப்பு. பழகாத கைக்கு இரண்டே அதிகம்.

இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நரம்பை வெட்டிக்கொள். முடிச்சுகள் நரம்பைத் தின்னும். அதில் பக்கவாட்டில் நீட்டி நிற்கிற இரண்டு சின்னக் கண்ணிகள் போட வேண்டும். டிராப்பர் லூப் என்பது இதுதான். நரம்பை ஒரு வட்டமாக மடக்கு. இரண்டு நரம்பும் ஒன்றையொன்று கடக்கிற இடத்தில் ஒன்றின்மேல் மற்றொன்றை ஆறேழு முறை சுற்று. இப்போது சுற்றின் நட்ட நடுவில் விரலால் ஓர் இடைவெளி திறந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் வட்டத்தை அதற்குள் நுழைத்து வெளியே எடு. அந்த இடைவெளி மூடிக்கொண்டே போகும், எரிச்சல் வரும். சுற்றத் தொடங்கும்போதே ஒரு தீக்குச்சியை நடுவில் செருகிவிடு, கடைசியில் உருவிக்கொள்ளலாம். நுழைத்த கண்ணியைப் பல்லில் கவ்விக்கொண்டு, எச்சிலில் நனைத்து, இரண்டு பக்கமும் மெதுவாக இழு. இரண்டு பக்கமும் சுற்றுகள் சமமாக அடங்கி உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி கட்டு. சரிசெய்யப் பார்க்காதே, ஒரு தடவை இறுகிய நைலான் மறுபடி ஒழுங்காக உட்காராது.

நனைப்பது சடங்கு இல்லை. காய்ந்த நைலானை இறுக்கும்போது உரசலில் சூடு பிறக்கும், அந்தச் சூட்டில் நரம்பு வெந்து பலம் இழக்கும். வெளுத்தும் சுருண்டும் தெரியும் முடிச்சு பெரும்பாலும் அப்படிப் போனதுதான்.

இடைவெளிகளில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கணக்கு எளிது. கிளையின் நீளம் கண்ணியோடு சேர்த்து 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். இரண்டு கிளைகளும் ஒன்றையொன்று எட்டக்கூடாது என்றால் கண்ணிகளுக்கு நடுவே 50-க்கு மேல் வேண்டும். 65 வை. மேல் கண்ணியிலிருந்து ஸ்விவலுக்கு 30, கீழ்க் கண்ணியிலிருந்து ஈயத்துண்டு கட்டும் இடத்துக்கு 45. மொத்தம் 1.4 மீட்டர். இன்னும் நீளமாகக் கட்டலாமே என்று தோன்றும். ஸ்விவல் ராடின் நுனியில் வந்து இடித்துவிட்டால் அதற்கு மேல் ரீலைச் சுற்ற முடியாது. அப்போது மீன் இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தால், முள்ளும் மீனும் துடிக்கிற நரம்பை யாராவது கையால்தான் இழுக்க வேண்டும். அந்த வேலை உனக்கு வேண்டாம்.

கிளைகளைத் தனியாகக் கட்டி, நுனியில் ஒரு கண்ணி போட்டு வைத்துக்கொள். முதுகெலும்பிலுள்ள கண்ணிக்குள் இதைக் கோத்துவிட்டால் போதும். கிளை நைந்துபோனால் அதை மட்டும் மாற்றலாம்.

முள் சர்க்கிள் ஹூக்தான். முனை உள்பக்கம் வளைந்திருக்கும், பார்த்தால் இதில் எப்படி மீன் மாட்டும் என்று சந்தேகம் வரும். கொத்தியதும் ராடை வெட்டி இழுக்கிற பழக்கம் உனக்கு உண்டு, குளத்தில் நான்தான் பழக்கினேன். அதை இங்கே மறந்துவிடு. வெட்டினால் முள் வாயிலிருந்து அப்படியே வழுக்கி வந்துவிடும். கை அரிக்கும், பொறுத்துக்கொள். பாரம் நின்று இழுக்கும்போது ரீலைச் சீராகச் சுற்று. முள் நழுவி வந்து வாயோரத்தில் தானே திரும்பிக் குத்தும். தொண்டைக்குள் போவது குறைவு, திருப்பி விட வேண்டிய மீனுக்கும் நல்லது. இரையை முள்ளின் வாய் நிறையத் திணிக்காதே. வளைவில் இடம் இல்லாவிட்டால் முள்ளால் எதையும் கவ்வ முடியாது. நீள வாக்கில் வெட்டிய துண்டை ஓர் ஓரத்தில் ஒரே ஒரு முறை குத்தித் தொங்கவிடு, முனை வெளியே தெரியட்டும்.

ஈயம் எவ்வளவு என்பதற்கு ஒரே எண் கிடையாது. நூறு மீட்டருக்கு 300 கிராமில் தொடங்கு, நீவாடு கடுமையாக இருந்தால் அரைக் கிலோவும் போதாமல் போகலாம். நூல் ஏறக்குறைய நேராக இறங்குகிறதா, அடியைத் தொட்டது விரலுக்குத் தெரிகிறதா என்று பார். நூல் சாய்ந்துகொண்டே போனால் ஈயத்தைக் கூட்டு. நேராக நின்றால் ஒரு படி குறைத்துப் பார். பக்கத்தில் இருப்பவர்களின் ஈயத்தையும் கேட்டுக்கொள், ஒரே படகில் ஆளுக்கொரு எடை போட்டால் எல்லோருடைய நூலும் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். பாறையடியில் நீளமான, வழுவழுப்பான ஈயம் இடுக்கிலிருந்து சுலபமாக வெளியே வரும்.

இறக்கும்போது முதலில் படகோரத்தில் ஒரு நிமிடம் தண்ணீரில் பிடித்துப் பார். இரை பம்பரமாகச் சுழன்றால் மறுபடி குத்து. அப்புறம் சுருளின்மேல் கட்டை விரலை லேசாக வைத்தபடி விடு. தலைகுப்புற விட்டால் கிளைகள் முதுகெலும்பைச் சுற்றிக்கொண்டுதான் கீழே போய்ச் சேரும். நீ அரை மணி நேரம் மீன் வரும் என்று உட்கார்ந்திருப்பாய். ஈயம் தொட்டதும் ஒன்றிரண்டு மீட்டர் தூக்கி நிறுத்து. பாறையடியில் இருக்கும் களவா மாதிரி மீன் கவ்வியதும் பொந்துக்குத்தான் திரும்பும், அந்த முதல் சில மீட்டரை மட்டும் விட்டுக்கொடுக்காதே. அதற்குப் பிறகு அவசரமே இல்லை.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியும்தானே. நூலை ஒரு மரக்கட்டையில் சுற்று. கையில் சுற்றாதே. துணி சுற்றிய கையிலும் சுற்றாதே. கையுறையை நம்பியும் சுற்றாதே.

இன்னொரு ரிக்கும் கட்டிக்கொண்டு போ, இது மீன் பிடிக்க இல்லை. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நூறு மீட்டரில் மேற்பரப்பைப் போல 11 மடங்கு. அங்கிருந்து மேலே வரும் மீனின் காற்றுப்பை ஊதிவிடும், இரைப்பை வாய் வழியே பிதுங்கி வரும், விட்டாலும் கீழே போக முடியாமல் மிதக்கும். சிறியது என்று விடுகிற மீன்களில் பல இப்படித்தான் செத்துப்போகின்றன. மீன் கழலாமல் தடுக்க முனையில் இருக்கும் சின்ன எதிர்முள் இல்லாத முள் ஒன்றை எடுத்து, வளைவுப் பக்கத்தில் நூலும் கண் பக்கத்தில் ஈயமும் கட்டு. மீனின் கீழ்த்தாடையில் அந்த முள்ளைக் கோத்து அடிவரை இறக்கு. அங்கே வெடுக்கென்று ஓர் இழுப்பு, முள் கழன்று வந்துவிடும். வாயில் பிதுங்கி நிற்பதைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துபவர்கள் உண்டு. அது இரைப்பை. யாராவது குத்தப் போனால் தடுத்துவிடு.

இத்துடன் ஆறு ரிக் அனுப்புகிறேன். நுரை அட்டையில் சுற்றி, கிளைகளை ஊசியால் குத்தி வைத்திருக்கிறேன், ஒன்றை உருவினால் மற்றது சிக்காது. அம்மா பார்த்துவிட்டுக் கடைக்காரர் மாதிரி கட்டியிருக்கிறீர்கள் என்றாள். அந்த ஆறில் ஒன்றை வேண்டுமென்றே நனைக்காமல் இறுக்கியிருக்கிறேன். எது என்று சொல்ல மாட்டேன். விளக்கடியில் வைத்துப் பார், நகத்தால் நெருடிப் பார், அப்புறம் இரண்டு பக்கமும் பிடித்து இழு. படகு ஏறுவதற்கு முன்னால் எந்த அட்டை, எந்தக் கண்ணி என்று எனக்கு எழுது.

அப்பா