தம்பிக்கு: அந்த 235 பவுண் பில் பற்றி

அன்புள்ள தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின கரண்ட் பில்லைக் கண்ணாடி போட்டு ஆறுதலாகப் பார்த்தேன். ஜனவரிக்கு 235 பவுண் 70 பென்ஸ். ஓர் ஆள் இருக்கிற சின்ன ஃபிளாட்டுக்கு இது கூடத்தான். அதற்காக "இனி ஹீற்றரே போடமாட்டேன், ஜாக்கெற்றோடு இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே. லீட்ஸ் குளிர் லண்டன் குளிர் மாதிரி இல்லை. வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையவிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நீ சின்ன வயதில் ஈளை இழுப்பு வந்த பிள்ளை என்பதையும் மறந்துபோனாய் போல.

ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரியம்மா, சரியம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். கவுன்சில் வீட்டுப் பிரிவில் இருந்த காலம் முழுக்க மற்றவர்களுடைய பில்லைப் பார்த்துப் பழகின கண் எனக்கு. உன் பில்லைப் பார்த்ததும் விளங்கினது இதுதான்: அந்தக் காசு முழுக்க நீ தாராளமாகச் செலவழித்தது இல்லை. ஒரு பங்கு, அந்த ஹீற்றரை எப்படிப் பாவிப்பது என்று உனக்கு ஒருவரும் சொல்லித் தராததால் போனது. இன்னொரு பங்கு, வீட்டுக்காரர் திருத்தவேண்டியதைத் திருத்தாமல் விட்டதால் போனது.

பில்லின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசி. நாள் கட்டணம் 60 பென்ஸ் வீதம் 31 நாளைக்கு 18 பவுண் 60. ஒரு சுவிச்சும் போடாமல் இருந்தாலும் அது வரும், அதை விடு. இரவு யூனிற் 290, ஒன்று 15 பென்ஸ் வீதம் 43 பவுண் 50. பகல் யூனிற் 560, ஒன்று 31 பென்ஸ் வீதம் 173 பவுண் 60. இடி விழுந்த இடம் இதுதான். உன்னுடையது எக்கொனமி 7 மீற்றர். இரவில் ஏழு மணித்தியாலம் மலிவு. அதற்கு ஈடாகப் பகல் விலையைச் சாதாரண வீடுகளைவிடக் கூட வைத்திருப்பார்கள். கரண்ட் கம்பனிகளைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் அமைப்பு உச்ச விலை போட்டிருக்கிறதே, பிறகு எப்படி இவ்வளவு வந்தது என்று கேட்டாய். அந்த உச்சம் ஒரு யூனிற்றின் விலைக்கும் நாள் கட்டணத்துக்கும்தான், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். நீ எத்தனை யூனிற் எரிக்கிறாய் என்பதற்கு ஒரு உச்சமும் கிடையாது.

இப்போது அந்த ஃபான் ஹீற்றர். 2 கிலோவாற் என்று அதன் அடியில் எழுதியிருக்கும். வேலையால் வந்து படுக்கும் மட்டும் ஐந்து மணித்தியாலம் ஓடினால் பத்து யூனிற், 3 பவுண் 10. மாதத்துக்கு 96 பவுண் 10. கடையில் 20 பவுணுக்கு வாங்கின சாமான் ஒரு மாதத்தில் அதன் விலையைப் போல ஐந்து மடங்கு தின்றுவிட்டது. எண்ணெய் ஹீற்றர் வாங்கினால் மிச்சம் என்று உன் சிநேகிதன் சொன்னதையும் நம்பாதே. சுவரில் செருகுகிற எந்தச் சாதாரண ஹீற்றரும் ஒரு யூனிற் கரண்டுக்கு ஒரு யூனிற் சூடுதான் தரும். "குறைந்த செலவில் முழு வீட்டுக்கும் சூடு" என்று முகநூலில் வருகிற விளம்பரமெல்லாம் சுத்தப் பொய்.

ஹோலில் ஸ்ரோரேஜ் ஹீற்றர் இருக்க இந்த ஃபான் ஹீற்றர் ஏன் தேவைப்பட்டது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஊரில் பேக்கரிப் போறணை பார்த்திருக்கிறாய். முதலில் விறகை எரித்துக் கல்லைச் சூடாக்கி, பிறகு அந்தச் சூட்டில்தான் பாண் வேகும். இதுவும் அந்த வேலைதான் செய்கிறது. அந்தக் கனத்த பெட்டிக்குள் இருப்பது கல்லு. இரவு மலிவுக் கரண்டில் கல்லு சூடேறும், பகலில் அந்தச் சூட்டை விடும்.

அதன் மேல்மூடியில் இரண்டு திருகு இருக்கும். "இன்புற்" என்பது இரவு எவ்வளவு சூட்டைச் சேர்ப்பது என்பது. "அவுற்புற்" என்பது அதை எவ்வளவு வேகமாக வெளியே விடுவது என்பது. சில ஹீற்றரில் அதற்கு "பூஸ்ட்" என்று பெயர் போட்டிருக்கும். நீ அனுப்பின படத்தில் அவுற்புற் ஆறில் நிற்கிறது. அதாவது நீ வேலைக்குப் போனபிறகு வெறும் வீட்டுக்கு அது நாள் முழுக்கச் சூடு கொடுக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்கு நீ வரும்போது கல்லில் ஒன்றும் மிச்சமில்லை. குளிர்ந்து கிடக்கிறதே என்று ஃபான் ஹீற்றரைப் போடுகிறாய். ஒரே சூட்டுக்கு இரண்டு தரம் காசு கட்டுகிறாய், இரண்டாம் தரம் இரட்டை விலையில்.

இனிப் படுக்கப் போகும்போது அவுற்புற்றை ஒன்றுக்குக் கொண்டுவந்துவிடு. காலையில் அப்படியே விட்டுவிட்டுப் போ. பின்னேரம் வந்தபிறகு மூன்று, நான்கு என்று திற. இன்புற்றை நாளைய காலநிலையைப் பார்த்து இன்றைக்கே வை: பனி என்றால் ஐந்து, ஆறு, மழையும் இளஞ்சூடும் என்றால் மூன்று போதும். அது ஒரு நாள் பிந்தித்தான் பேசும் சாமான், அதனால் இரண்டு மூன்று நாள் பொறு. அதன் மேல் உடுப்புக் காயப்போடாதே. சூடு அடைபட்டு உள்ளே இருக்கிற காப்புச் சுவிச் விழுந்துவிடும், நெருப்பு ஆபத்தும் இருக்கிறது.

வாசல் நடையில் இருக்கிற ஹீற்றர் நீ குடிபோன நாள் தொடக்கம் சுடவே இல்லை என்றாய். அதை இவ்வளவு நாளும் வீட்டுக்காரரின் ஏஜென்டிடம் சொல்லவும் இல்லை! தம்பி, அது நீ கேட்டு வாங்குகிற சலுகை இல்லை. 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி வீட்டைச் சூடாக்குகிற கருவியையும் தண்ணீர் சுடவைக்கிற கருவியையும் வேலை செய்கிற நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது மாறாது. ஈமெயிலில் எழுது, ஃபோனில் சொல்லாதே. எந்த ஹீற்றர், எப்போதிருந்து, எத்தனை பாகை என்று எழுதி, ஒரு வெப்பமானியை அறையில் வைத்துப் படமும் எடுத்து அனுப்பு. பதில் வராவிட்டால் லீட்ஸ் கவுன்சிலில் தனியார் வாடகை வீடுகளைப் பார்க்கிற பிரிவு இருக்கிறது. கடுங்குளிரை அவர்கள் ஈரத்தைப் போலவே வீட்டு ஆபத்தாகத்தான் எடுப்பார்கள்.

சொன்னால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்ற பயம் உனக்கு. அந்தப் பயத்தோடு வந்து என் மேசைக்கு முன்னால் அழுதவர்கள் கனபேர். பயத்துக்குக் காரணமும் இருந்தது, காரணம் சொல்லாமலே இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க 1988ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் தனியார் வாடகைக்கு அந்தப் பிரிவை 2026 மே 1 முதல் இல்லாமல் ஆக்குவதாகச் சட்டம் வந்துவிட்டது. நீ மரியாதையாக எழுது, பயந்து எழுதாதே.

அதோடு வீட்டின் ஈபிசி சான்றிதழையும் பார், வீடு எவ்வளவு சிக்கனமாகச் சூடாகும் என்று ஏ முதல் ஜி வரை தரம் போடுவது அது. அரசாங்க இணையத்தளத்தில் முகவரியைப் போட்டால் இலவசமாக வரும். 2018 ஏப்ரல் தொடக்கம் புது வாடகைகளுக்கும், 2020 ஏப்ரல் தொடக்கம் ஏற்கெனவே இருந்த வாடகைகளுக்கும் குறைந்தது ஈ தரமாவது இருக்கவேண்டும். எஃப், ஜி என்றால், விதிவிலக்குப் பதிந்திருந்தால் ஒழிய, வாடகைக்கே விடக் கூடாது. ஆனால் வீட்டுக்காரர் இதற்காகச் செலவழிக்கவேண்டிய உச்சம் 3,500 பவுண்தான், ஆகையால் இதில் பெரிய அதிசயம் எதிர்பார்க்காதே.

தண்ணீருக்கு வருகிறேன். அலுமாரிக்குள் இருக்கிற தொட்டிக்கு இரண்டு சுவிச் இருக்கும். ஒன்று இரவுக் கரண்டில் தானாகச் சுடுவது, மற்றது பகலில் அவசரத்துக்கு. குளிக்கப் போகும்போது ஒவ்வொரு நாளும் நீ போடுவது அந்த அவசரச் சுவிச். நாளுக்கு நாலு யூனிற் என்றாலும் இரவுக்கு மாற்றினால் மாதம் 20 பவுண் அளவில் மிஞ்சும். தொட்டிக்குக் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறதா என்றும் பார். சூட்டை 60 பாகைக்குக் கீழே குறைக்காதே, தண்ணீரில் கிருமி வளரும்.

மீற்றரையும் ஒருக்கால் சோதி. படுக்கப் போகும்போதும் எழும்பினதும் இரண்டு எண்களையும் படம் எடு. இரவில் ஓடுவது உண்மையாகவே இரவு எண்தானா? பகலும் இரவும் மாறிப் பதியப்பட்ட மீற்றர்களை நான் கண்டிருக்கிறேன். மலிவு நேரம் எப்போது தொடங்குகிறது என்று கம்பனியிடம் கேள், எல்லா இடத்திலும் ஒரே நேரம் இல்லை. பில்லில் வாசிப்புக்குப் பக்கத்தில் "ஈ" என்று இருந்தால் அது அவர்கள் குத்துமதிப்பாகப் போட்ட எண்.

இப்போது உன் பாவனையில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் இரவில் போகிறது. 26 பென்ஸ் ஒரே விலைத் திட்டத்தில் இருந்திருந்தாலும் 850 யூனிற்றுக்கு 221 பவுண். நீ யூனிற்றுக்குக் கட்டினது 217 சொச்சம். இரட்டை விலை மீற்றரால் உனக்குப் பெரிதாக ஒரு லாபமும் இல்லை. 40 வீதத்துக்கு மேல் இரவுக்குப் போனால்தான் அது பலன் தரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு மாதம் நான் சொன்னபடி பாவித்துப் பார், பிறகு திட்டத்தை மாற்றுவதா என்று கதைப்போம். பில் உன் பெயரில் வருவதால் கம்பனியை மாற்றும் உரிமை உன்னுடையது. இரவு மலிவென்று நித்திரையில் வோஷிங் மெஷினை மட்டும் ஓடவிடாதே. தீயணைப்புக்காரர் வேண்டாம் என்கிறார்கள், கீழ்வீட்டுக்காரரும் பாவம்.

கதவடிக்கு ஒரு பிரஷ் பட்டி வாங்கிப் போடு. யன்னலுக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளும் மலிவு, ஆனால் உரிக்கும்போது பெயின்ற் வந்தால் டிப்பொசிற்றில் கை வைப்பார்கள், மூலையில் ஒட்டிப் பார்த்துவிட்டுச் செய். யன்னல் மேல் இருக்கிற காற்றுத் துவாரங்களை மட்டும் அடைக்காதே. நீ புட்டு அவிக்கிறாய், உடுப்பை அறைக்குள் காயப்போடுகிறாய், அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். அவிக்கும்போது குசினி ஃபானைப் போட்டுக் கதவைச் சாத்து. பூஞ்சணம் கண்டால் உடனே படம் எடுத்து அனுப்பு. "உங்கள் சமையலால் வருகிறது" என்று ஏஜென்ட் சொன்னால், வேலை செய்யாத நடை ஹீற்றரைப் பற்றி முதலில் பதில் கேள். ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை 2020இல் பூஞ்சணத்தால் இறந்தது. அந்தக் குடும்பத்துக்கும் வாழ்க்கை முறைதான் காரணம் என்று சொன்னார்கள்.

ஏஜென்டுக்கு எழுதுகிற ஈமெயிலை அனுப்ப முதல் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். அப்பா பழைய ஹோல் திரைச்சீலையைக் கட்டி வைத்திருக்கிறார், நல்ல தடிப்பு. உன் யன்னலின் அகலத்தை அளந்து சொன்னால் வெட்டித் தைத்துத் தபாலில் போடுகிறேன். பெப்ரவரி பில்லுக்குக் காசு காணாவிட்டால் ஒளிக்காமல் கேள்.

அன்புடன்,
அம்மா