மின்னூலகச் சேவையகச் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழுவில் தாங்கள் ஒப்புதல் அளித்த சேவையகச் சீரமைப்புப் பணி நிறைவடைந்தது. ஸ்கேன் செய்து சேர்த்த நூற்பக்கங்கள் அனைத்தும் புதிய இயந்திரத்திற்கு மாற்றப்பட்டு, ஒவ்வொரு கோப்பும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.

இதுவரை நாம் பயன்படுத்திய இஎக்ஸ்டி4, 2008 முதல் லினக்ஸ் இயங்குதளத்தில் உறுதியாக நிலைபெற்ற கோப்பு முறைமை, அதாவது வன்தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை. ஆனால் அது கோப்பின் உள்ளடக்கத்திற்குச் சரிபார்ப்புத் தொகை (தரவு மாறியதா எனக் கண்டறிய அதிலிருந்தே கணக்கிடும் எண்) வைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் எவரும் திறக்காத நூலின் ஒரு பக்கம் வன்தட்டில் சிதைந்தால், அதைத் திறக்கும் நாள்வரை நமக்குத் தெரியவராது. இதனாலேயே தரவின் ஒவ்வொரு தொகுதியையும் (துண்டையும்) படிக்கும்போதே சரிபார்த்து, பிழை கண்டால் பிற வன்தட்டுகளில் உள்ள உபரித் தரவைக் கொண்டு தானே திருத்திக்கொள்ளும் ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைக் குழு தேர்ந்தது. பிடிஆர்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமையும் இவ்வாறு சரிபார்க்கும். ஆயினும் நமக்குத் தேவையான, இரண்டு வன்தட்டுகள் பழுதானாலும் தரவு இழக்காத ரெய்டு6 அமைப்பில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

ஓப்பன்இசட்எஃப்எஸ்ஸின் நம்பகத்தன்மை குறித்து உறுப்பினர் சிலர் எழுப்பிய ஐயம் நியாயமானது. 2023 அக்டோபரில் 2.2.0 பதிப்பு வெளிவந்த பின், நகலெடுத்த கோப்புகளின் சில பகுதிகள் வெறும் சுழியங்களாக மாறுவது தெரியவந்தது. ஆராய்ந்தபோது பழுதின் வேர் முந்தைய பதிப்புகளிலும் இருந்தது. நவம்பர் இறுதியில் 2.2.2, 2.1.14 பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. தவறான தரவை மென்பொருளே முறைப்படி எழுதிவிட்டதால், சரிபார்ப்புத் தொகையால் அப்பழுதைக் காட்டிக்கொடுக்க இயலவில்லை. ஆகவே இரண்டாம் பிரதியை வேறிடத்தில், வேறு கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4-இலேயே வைத்திருக்கிறோம். இந்த ஏற்பாட்டைச் செலவு கருதிக் கைவிட வேண்டாம் என்று குழு வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறது.

உரிமச் சிக்கலால் ஓப்பன்இசட்எஃப்எஸ் லினக்ஸின் மையக்கூறான கர்னலோடு சேர்ந்து வருவதில்லை, தனிக்கூறாக நிறுவவேண்டும்; கர்னல் அடிக்கடி மாறினால் அது பொருந்தாமல் போகலாம். எனவே கர்னல் அடிக்கடி மாறாத, டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் நிலைத்த பதிப்பை நிறுவினோம்.

வன்பொருளில், விலையுயர்ந்த செயலியைத் தவிர்த்து, மிச்சமான தொகையைப் பிழைதிருத்தும் இசிசி நினைவகத்திற்குச் செலவிட்டோம். அது இல்லாமலும் ஓப்பன்இசட்எஃப்எஸ் இயங்கும்; ஆனால் நினைவகத்திலேயே கெட்டுப்போன தரவுக்கும் ஓப்பன்இசட்எஃப்எஸ் பொருந்தும் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு எழுதிவிடும், பழுது வெளியே தெரியாது. டெராபைட்டுக்கு ஒரு ஜிகாபைட் நினைவகம் கட்டாயம் என்ற பரவலான கருத்தைக் குழு ஏற்கவில்லை. ஒரே தொகுதி பலமுறை வந்தாலும் ஒருமுறை மட்டும் சேமிக்கும் இரட்டிப்பு நீக்கத்தை இயக்கினால்தான் நினைவகத் தேவை பெரிதும் உயரும்: 128 கிலோபைட் தொகுதிகளாக நிறைந்த ஒரு டெராபைட்டில் ஏறத்தாழ 84 இலட்சம் தொகுதிகள் உண்டு, ஒன்றுக்கு 320 பைட் என்றால் அத்தொகுதிகளைக் குறித்துவைக்கும் அட்டவணைக்கு மட்டும் 2.5 ஜிகாபைட் ஆகும். ஸ்கேன் படங்களில் ஒரே தொகுதி மீண்டும் வருவது அரிது என்பதால் அவ்வசதியை இயக்கவில்லை.

தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வன்தட்டுகள் விலை குறைவாகக் கிடைத்தும் வாங்கவில்லை. பழுதான தட்டை மாற்றி மறுகட்டமைக்கும்போது அவை மிகவும் தாமதிக்கும்; அதற்குள் இன்னொரு தட்டும் பழுதாகலாம். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத ஆறு சிஎம்ஆர் வன்தட்டுகளை, அவற்றைத் தானே நிர்வகிக்கும் ரெய்டு அட்டையின்றி நேரடியாக இணைத்து, எவை இரண்டு பழுதானாலும் தரவு இழக்காத ரெய்டுஇசட்2 முறையில் அமைத்துள்ளோம்.

மாதந்தோறும் முழுத் தொகுப்பையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் பணி தானாக நடைபெறும். அதன் முடிவு செயற்குழுவுக்கு மின்னஞ்சலில் வரும். மாற்று வன்தட்டு ஒன்று இருப்பில் உள்ளது. வரவு செலவுக் கணக்கு அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர் பார்வைக்கு வைக்கப்படும்.

சீரமைப்புக் குழு